ஆலங்கோம்பைக்கு முப்பத்தொரு மார்க்

ஜன்னல் ஓரம் நான் உக்காந்துக்கட்டுமாண்ணே? ஒண்ணும் நினைச்சுக்காதீங்க, எனக்கு ரோட்டைப் பாத்துக்கிட்டே வரணும். ரெண்டு வருஷத்துப் பழக்கம். லீவு கிடைச்சா பஸ் ஏறி ஏதாவது ஒரு ஊரைப் போய்ப் பாத்துட்டு வருவேன். சுத்திப் பாக்கவெல்லாம் இல்ல. குடி போறதுக்கு. பிள்ளைங்களைப் படிக்க வச்சுக்கிட்டு நிம்மதியா இருக்க ஒரு சின்ன ஊர் தேடிக்கிட்டிருக்கேன்.

நீங்க எதுவரைக்கும்? ஆலங்கோம்பையா? அட, நானும் அங்கதான் போறேன். சொந்த ஊரே அதுதானா உங்களுக்கு? அப்ப இப்பவே சொல்லிடறேன், மனசுல வச்சுக்கக் கூடாது. உங்க ஊருக்கு நான் போட்டது முப்பத்தொரு மார்க். நூத்துக்கு முப்பத்தொண்ணு. பதினாலு ஊர்ல கடைசி உங்க ஊருதான்.

சிரிக்கிறீங்க. நல்ல வேளை. போன தடவை திருச்சி பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர்கிட்ட அவர் ஊருக்கு நாப்பத்தஞ்சுன்னு சொன்னதுக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு.

இதுல வேடிக்கை என்னன்னா, என் பொண்டாட்டி பிள்ளைங்க அந்த முப்பத்தொரு மார்க் ஊர்லதான் இருக்காங்க. பத்து மாசமா. நான் மட்டும் மெட்ராஸ்ல. மாசத்துக்கு ரெண்டு தடவை இப்படி வந்து பாத்துட்டுப் போறேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மெட்ராஸ் ஹவுஸ் ஓனருக்குப் பதில் சொல்லணும், வீட்டை இன்னும் பதினோரு மாசத்துக்குப் புதுப்பிக்கிறேனா காலி பண்றேனான்னு. போன வாரம் என் சம்சாரம் போன்ல சொல்லிட்டா: "இந்தத் தடவை முடிவோட வாங்க. வர்றதா இருந்தா வந்துடுங்க. இல்லேன்னா அப்பா இங்க வரமாட்டேன்னு பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால சொல்ல முடியாது."

எவ்வளவு பெரிய வார்த்தை பாருங்க. நான் எங்க வரமாட்டேன்னேன்? பாத்துக்கிட்டுதானே இருக்கேன்? பொறுமைங்கிறது நம்ம பொம்பளைங்களுக்குக் கிடையவே கிடையாதுண்ணே.

அண்ணேன்னு கூப்பிடலாமில்ல? வயசுல மூத்தவரா தெரியறீங்க, அதான். என் பேரு தனசேகரன். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு கிளெய்ம் பாத்துக் கொடுக்கிற ஆபீஸ்ல இருக்கேன். ஒருத்தர் ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் வச்சு அனுப்புவாரு. அதுல எங்க ஓட்டை இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. தேதி பொருந்தலையா, டாக்டர் கையெழுத்து இல்லையா, வயசு ஒரு இடத்துல நாப்பது இன்னொரு இடத்துல நாப்பத்திரண்டா, பளிச்சுன்னு பிடிச்சுடுவேன். பதினெட்டு வருஷ சர்வீஸ். என் கண்ணுக்குத் தப்பி ஒரு காகிதம் போனதில்ல. கம்பெனியிலயும் இப்ப வீட்டுல இருந்தே பாருன்னுட்டாங்க. கம்ப்யூட்டரும் நெட்டும் இருந்தா எந்த ஊர்ல உக்காந்தும் பாக்கலாம்.

அப்பதான் நான் சொன்னேன், சின்ன ஊருக்குப் போயிடலாம்னு. ஆமாண்ணே, நான்தான் சொன்னேன், அவ இல்ல. அதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. எங்க ஃபிளாட்டுல பிள்ளைங்க விளையாட இடமில்ல. ரெண்டு காருக்கு நடுவுல பந்து தட்டுவாங்க, வாட்ச்மேன் வந்து விரட்டுவாரு. ஆறே முக்காலுக்கு ஸ்கூல் வேன். பொண்ணு சங்கவி வேன்லயே தூங்கி, வேன்லயே முழிச்சு, ஸ்கூல்ல போய் இறங்கும். சின்னவன் முகில் இட்லியைக் கையில வச்சுக்கிட்டே ஏறுவான். இது என்ன பொழப்புன்னு தோணுச்சு. சுகந்திகிட்ட, அதான் என் சம்சாரம், சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். எந்த ஊருன்னா. பொறு, அவசரப்படாதேன்னு ஒரு நீள நோட்டு வாங்கினேன்.

இதோ இதுதான் அந்த நோட்டு. பிரிச்சுப் பாருங்க. ஊருக்கு நாலு பக்கம். ஓரத்துல மார்க், பக்கத்துல காரணம். தண்ணிக்குப் பத்து. செல்போன் சிக்னலுக்குப் பத்து. பள்ளிக்கூடத்துக்கு முப்பது. பொட்டிக்கடையில சார்ட் பேப்பரும் இந்தியா மேப்பும் கிடைக்குதான்னு அதுக்கு அஞ்சு. பிள்ளை வளத்தவங்களுக்குத்தான் அந்த அஞ்சு மார்க்கோட அருமை தெரியும். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து, நாளைக்கு மேப் கொண்டு போகணும்னு நிப்பானுங்க பாருங்க.

ஒரு ஊரைத் தெரிஞ்சுக்கணும்னா சலூன்ல போய் உக்காரணும்ணே. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. டீக்கடையில அவனவன் அவசரத்துல இருப்பான். சலூன்ல நம்ம கழுத்து அவங்க கையில இருக்கு, அவங்களும் நிதானமா பேசுவாங்க, நாமளும் குறுக்க பேச முடியாது. பள்ளிக்கூடத்துல வாத்தியார் ஒழுங்கா வர்றாரா, எந்தத் தெருவுல தண்ணி வராது, எல்லாம் வந்துடும். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு ஷேவிங். ஒரு தடவை ஒரே நாள்ல ரெண்டு ஊர் பாக்க வேண்டியதாப் போச்சு. ரெண்டாவது ஊர்ல அந்தத் தம்பி என் கன்னத்தைத் தடவிப் பாத்துட்டு, சார் இதுல செரைக்க என்ன இருக்கு, சும்மா உக்காந்து பேசிட்டுப் போங்கன்னுட்டாரு. அந்த ஊருக்கு நல்ல மார்க் போட்டேன்.

ஆனா செங்காட்டூர்தாண்ணே ஊரு. எம்பத்தெட்டு. அங்க பள்ளிக்கூடத்து வாசல்ல காலையில ஒம்பதே காலுக்குப் போய் நின்னேன். என் வழக்கம் அது. கேட்டுக்கு எதிர்ல நின்னு, எந்த வாத்தியார் எத்தனை மணிக்கு வர்றாருன்னு நோட்டுல குறிச்சுக்குவேன். அஞ்சு நிமிஷம் ஆகல, தலைமை ஆசிரியரே ஓடி வந்துட்டாரு. உள்ள வாங்க சார்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறாரு. அவர் நாற்காலியில என்னை உக்கார வச்சு, டீ, சூடா வடை. ஒரு பையனைக் கூப்பிட்டுத் திருக்குறள் சொல்லச் சொன்னாரு. வருகைப் பதிவேடெல்லாம் எடுத்துக் காட்டுறாரு. நான் கேக்கவே இல்ல. கணக்கு டீச்சர் இன்னைக்குத்தான் சார் லீவு, மத்தபடி லீவே போட மாட்டாங்கன்னு ரெண்டு தடவை சொன்னாரு. அது எதுக்குச் சொன்னாருன்னுதான் தெரியல. மேலிடத்துல நல்லபடியா சொல்லுங்க சார்னு கிளம்பும்போது கும்பிட்டாரு. வீட்டுல நல்லபடியா சொல்றேன்னு நானும் கும்பிட்டேன். பெத்தவங்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்துல இவ்வளவு மரியாதையான்னு அசந்து போயிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு முப்பதுக்கு முப்பது.

உங்க ஊருக்கு வந்தேனே, அந்தக் கதையைக் கேளுங்க. சலூன் பூட்டு. மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசம், மதியம் வருவேன்னு சாக்பீஸ்ல எழுதித் தொங்க விட்டிருக்கு. மதியம் வரைக்கும் நான் என்ன பண்றது? அஞ்சு மார்க் போச்சு. ரோட்டுல நடந்தா, யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்கன்னு மூணு பேரு கேட்டுட்டாங்க. சாப்டீங்களான்னு ஒரு அம்மா. நான் சாப்பிட்டா என்ன, சாப்பிடாட்டி என்ன? மனுஷனைத் தனியா விடற பழக்கமே இல்லன்னு எழுதி, அதுக்கும் கழிச்சேன்.

பள்ளிக்கூடத்துல அதைவிட மோசம். வழக்கம்போல கேட்டுக்கு எதிர்ல நோட்டோட நிக்கிறேன். விளையாட்டு டீச்சர் ஒரு அம்மா, கழுத்துல விசில் தொங்குது, எட்டிப் பாத்து, சார் சும்மாதானே நிக்கிறீங்க, இந்த டேப்போட ஒரு முனையைப் பிடிங்கன்னாங்க. கோகோ மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடறாங்களாம். நான் யாரு, எதுக்கு வந்திருக்கேன், ஒரு வார்த்தை கேக்கல. முக்கால் மணி நேரம் வெயில்ல பிடிச்சுக்கிட்டு நின்னேன். பேன்ட்டெல்லாம் சுண்ணாம்பு. முடிஞ்சதும் பிள்ளைங்களோட வரிசையில உக்கார வச்சு மோர் கொடுத்தாங்க. எனக்கும் ஒரு டம்ளர், அவ்வளவுதான். செங்காட்டூர் வடை கண்ணு முன்னால வந்துட்டுப் போச்சு.

அப்புறம் நாலேகால் மணிக்கு மணி அடிச்சாங்க. ஒரு பிள்ளை வீட்டுக்குப் போகணுமே. பையை அந்த வேப்பமரத்தடியில குமிச்சு வச்சுட்டு ஆறு மணி வரைக்கும் ஓட்டம், கத்தல். ஒருத்தி முட்டியில ரத்தம், அவளே மண்ணைத் தட்டி விட்டுட்டு மறுபடி ஓடறா. பக்கத்து வீட்டுல ஒரு அம்மா தட்டு நிறைய அவிச்ச கடலை கொண்டு வந்து வைக்கிறாங்க, எவ பெத்த பிள்ளைன்னு பாக்காம எல்லாம் விழுந்து அள்ளுது. நான் நோட்டுல எழுதினேன், இதோ பாருங்க, என் கையெழுத்துதான்: பிள்ளைகள் ஆறு மணி வரை வீட்டுக்குப் போவதில்லை, கேட்பார் இல்லை. எந்த வீட்டுப் பிள்ளை எந்த வீட்டில் சாப்பிடுகிறது என்ற கணக்கே இல்லை. டியூஷன் சென்டர் ஒன்றுதான், அதுவும் பூட்டியிருக்கிறது. கூட்டிப் பாத்தேன், முப்பத்தொண்ணு.

அந்தச் சமயத்துலதான் சுகந்திக்கு அரசாங்க நர்ஸ் வேலை வந்துச்சு. தனியார் ஆஸ்பத்திரியில பன்னெண்டு வருஷம் கஷ்டப்பட்டவ. கவுன்சிலிங்குக்குக் கூப்பிட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஒரு ஹால்ல உக்கார வச்சு, காலியா இருக்கிற ஊரையெல்லாம் திரையில காட்டுவாங்க. நம்ம நம்பர் வந்ததும் எழுந்து எந்த ஊரு வேணும்னு சொல்லணும். யோசிக்க ரெண்டு நிமிஷம்கூடக் கிடையாது. கூட வந்தவங்களை உள்ள விடல. நான் வாசல்லயே நின்னு நோட்டை அவ கையில கொடுத்தேன். எம்பதுக்கு மேல எந்த ஊரு இருந்தாலும் பிடிச்சுடுன்னு சொல்லி அனுப்பினேன்.

வெளிய வந்தா. எந்த ஊருன்னேன். ஆலங்கோம்பைன்னா.

செங்காட்டூர் இல்லையான்னேன். இருந்துச்சுங்க, ரெண்டாவது வரியிலேயே இருந்துச்சுன்னு சொல்றா. மார்க்கைப் பாக்கலையாடின்னேன். அதுக்கு அவ, "மார்க்கைப் பாத்தேங்க. பக்கத்துல நீங்க எழுதியிருந்ததையும் படிச்சேன். அதைப் படிச்சுட்டுத்தான் எடுத்தேன்"னா.

அவளுக்கு ஒரு ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரியல. வேறென்ன சொல்றது? எல்லாத்தையும் தெளிவாத்தானே எழுதியிருக்கேன்? குறைன்னு தலைப்பே போட்டிருக்கேன், அடியில கோடு வேற. ஆஸ்பத்திரி ஆளுங்களுக்குக் காகிதம்னாலே அலட்சியம்ணே, அதை நான் ஆபீஸ்லயே பாத்திருக்கேன்.

சரி, ஆர்டர் கையில வந்துடுச்சு. ஜூன்ல போய்ச் சேரணும். அவ பிள்ளைங்களோட முதல்ல போகட்டும், சரிப்பட்டு வந்தா நான் பின்னாலயே வர்றேன், அதுவரைக்கும் மெட்ராஸ் வீடு இருக்கட்டும்னு முடிவு பண்ணினேன். யாராவது ஒருத்தர் நிதானமா இருக்கணுமில்ல? கட்டிலு, பீரோ, மேஜை எல்லாம் அங்கேயே இருக்கு. ரெண்டு ரூமையும் வாரத்துக்கு ஒரு தடவை பெருக்கி வச்சிருக்கேன். சங்கவி அலமாரியில ஒட்டி வச்ச ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்கல. ராத்திரி சோறு வடிச்சா மூணு நாளைக்கு வருது. சின்ன அளவுல வடிக்க எனக்கு இன்னும் வரல.

இதுக்கு நடுவுல இன்னும் மூணு ஊர் பாத்துட்டேன். எதுக்கா? மூணு வருஷம் கழிச்சு மாறுதல் கேக்கலாமே, அதுக்குத்தான். அவங்களுக்காகத்தான் அலையறேன். போன மாசம் வர வேண்டிய ஒரு வாரம்கூட அதுல போயிடுச்சு. சங்கவிக்குக் கோகோ மேட்ச் இருந்துச்சு அன்னைக்கு. அந்த விசில் டீச்சர் அவளை டீம்ல போட்டிருக்காங்க. ஜெயிச்சுட்டாங்களாம். ராத்திரி போன் பண்ணி, அப்பா, அந்த நோட்டுல எங்களுக்கு எத்தனை மார்க்குன்னு கேட்டா. பிள்ளைங்களுக்கு எப்படியெல்லாம் கேக்கத் தோணுது பாருங்க. நான் சிரிச்சுட்டு, உனக்கு நூறும்மான்னேன். அவ சிரிக்கல. தூக்கக் கலக்கமா இருக்கும்.

தண்ணி வச்சிருக்கீங்களா? ஒரு மடக்கு கொடுங்க.

இல்லண்ணே, ஒண்ணுமில்ல. ரொம்ப நேரமா பேசிக்கிட்டே வர்றேன்ல.

உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. எங்கப்பா நெடுஞ்சாலைத் துறையில ரோடு இன்ஸ்பெக்டர். ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஊரு, சில சமயம் ஒரே வருஷம். பத்தாவது முடிக்கறதுக்குள்ள நான் ஏழு பள்ளிக்கூடம். பாதி வருஷத்துல போய் நிப்பேன். வகுப்பு மொத்தமும் திரும்பி நம்மளையே பாக்கும். எந்த ஊருடான்னு வாத்தியார் கேப்பாரு. எதைச் சொல்றது? போன ஊரையா, அதுக்கு முந்தின ஊரையா? முழிப்பேன். சிரிப்பாங்க. சாப்பாட்டு மணி அடிச்சா எந்தக் கும்பல் பக்கத்துல டப்பாவைத் திறக்கறதுன்னு தெரியாம பைப் பக்கம் போய் நின்னுக்கிட்டே சாப்பிடுவேன். கொஞ்சம் பழகினதும் லாரி வந்துடும். இப்பவும் புது ஆளுங்க கூட்டமா இருக்கிற இடம்னா வாசல்லயே நின்னுடுவேன். நாப்பத்தஞ்சு வயசு ஆச்சு, வெக்கமாத்தான் இருக்கு சொல்றதுக்கு. என் பிள்ளைங்களுக்கு அது வரக்கூடாது. போறதுன்னா ஒரே தடவை, ஒரே ஊரு, ஒரு குறையும் இருக்கக் கூடாது. அதுக்குத்தாண்ணே இத்தனையும். பயம்ணே. பயத்துலதான் நோட்டு வாங்கினேன்.

ஜூன் மாசம் முதல் நாள் நான் கூட வர்றேன்னுதான் சொல்லியிருந்தேன். அன்னைக்குப் பாத்து ஆபீஸ்ல மீட்டிங். தள்ளிப் போட்டிருக்கலாமோ என்னமோ. நான் கேக்கல. சுகந்தியும் அதே நாள் டூட்டியில சேரணும். கடைசியில சங்கவியே தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டு, டிசியை எடுத்துக்கிட்டு நடந்து போயிருக்கு. பதிமூணு வயசுப் பொண்ணு. நான் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துக்கிட்டு, இந்நேரம் வாசல்ல நிக்கும், இந்நேரம் கேப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். அன்னைக்கு ரெண்டு காகிதத்துல தப்பு விட்டுட்டேன். சாயங்காலம் போன்ல, எந்த ஊருன்னு கேட்டாங்களாம்மான்னேன். கேட்டாங்கப்பா, இந்த ஊருதான், இன்னைக்குக் காலையில இருந்துன்னு சொன்னேன்னா. எல்லாரும் சிரிச்சாங்களான்னேன். ஆமாப்பா, நானும் சிரிச்சேன்னா.

இருங்க, போன் அடிக்குது. சங்கவிதான், அவங்க அம்மா போன்ல இருந்து.

சொல்லும்மா. வந்துக்கிட்டே இருக்கேன். எங்கன்னா... ஏதோ ஒரு பாலம் போச்சு, வலது பக்கம் ஒரு ரைஸ் மில்லு. பேச்சு சுவாரஸ்யத்துல கவனிக்கலம்மா. இல்ல, பக்கத்துல ஒருத்தர் இருக்காரு, உங்க ஊருதான். அவர்கிட்டயா? எதுக்கு?

அண்ணே, உங்ககிட்ட பேசணுமாம். கொஞ்சம் பேசுங்களேன்.

என்ன சொன்னா? சரிம்மா சரிம்மான்னு நீங்க சொன்னதுதான் எனக்குக் கேட்டுச்சு. பரவால்ல, சொல்லுங்க.

அப்படியா சொன்னா? எங்கப்பா எத்தனை தடவை வந்தாலும் ஊருக்குப் புதுசுதான், புது ஆளுங்கன்னா தயங்குவாருன்னா? நீங்க கூடவே இருந்து இறக்கி விட்ருங்க மாமா, நாங்க பஸ் ஸ்டாப்புலயே நிக்கிறோம்னா?

இதையெல்லாம் நான் அவகிட்ட ஒரு நாளும் சொன்னதில்லண்ணே. அந்த ஏழு பள்ளிக்கூடம், பைப் பக்கம் நின்னு சாப்பிட்டது, எதையும் சொன்னதில்ல. சுகந்திக்கே பாதிதான் தெரியும்.

போனைக் கொடுங்க. வச்சுட்டாளா, இருக்காளா?

சங்கவி, அப்பாம்மா. அம்மாகிட்ட சொல்லிடு. வீடு வேண்டாம், காலி பண்றேன்னு ஓனருக்கு நான் இன்னைக்கே போன் பண்ணிடறேன். ஆமா, மெட்ராஸ் வீடுதான். நெஜமாத்தாம்மா. இல்ல, மாத்திப் பேச மாட்டேன். அம்மா மேல சத்தியமா. அழுவாதே. தம்பிக்கும் சொல்லு.

ஓடிட்டா. போனை அப்படியே கையில வச்சுக்கிட்டு அம்மா அம்மான்னு ஓடற சத்தம் கேக்குது.

அடுத்த ஸ்டாப்பா? அதுக்குள்ளயா வந்துடுச்சு? யப்பா, ஸ்டாப்புல அவ்வளவு பேரு நிக்கிறாங்க. சங்கவி, முகில், சுகந்தி. மத்ததெல்லாம் யாரு? கோகோ டீமா? மொத்தப் பேரும் பஸ்ஸைத்தான் பாக்குறாங்க.

நீங்க முதல்ல இறங்குங்கண்ணே, நான் பின்னாலயே வர்றேன். கீழ இறங்கினதும் உடனே வீட்டுக்குக் கிளம்பிடாதீங்க. கொஞ்ச நேரம் என் பக்கத்துல நில்லுங்க.